நிமிடத்துக்குப் பதினெட்டு

அக்காவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பதினாறு வருஷம் ஒரே வார்டில் உழைத்தவரை ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், அவருடைய செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்து, அழுக்குத் துணி போகிற பக்கவாட்டுக் கதவு வழியாக அனுப்பினார்கள். நோயாளிகளின் சார்ட்டில் பொய் எழுதினார் என்பது காரணம். எழுதினார்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது பொய் என்று தெரிந்த இன்னொருத்தியும் அந்த வார்டில் இருந்தாள். அவளுக்கு நற்சான்றுக் கடிதம் கொடுத்து, கை குலுக்கி, விமானம் ஏற்றினார்கள். அவள் நான்தான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. அப்போது மருத்துவம் நாலாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வாரம் டாக்டர்கள் பின்னாலேயே நடந்து, அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வருவதற்கு எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு இருந்தது. வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். அங்குள்ள பெரிய டாக்டர் நல்லபடியாக ஒரு கடிதம் கொடுத்தால், பின்னால் அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு இடம் கேட்கும்போது அந்தக் கடிதம் நமக்காகப் பேசும். அந்த வருஷம் அது எனக்குக் கிடைத்தது. அப்பா சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார். சொல்ல ஆள் தீர்ந்துபோனதும் தண்ணீர் கேன் போட வந்தவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

அங்கே போன முதல் நாளே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நோயாளியைத் தொடக் கூடாது. கேட்டாலொழியப் பேசக் கூடாது. ஆஸ்பத்திரியின் எந்தத் தாளிலும் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது. மீறினால் அன்றைக்கே ஊருக்குப் போகலாம். முழங்கால் வரை ஒரு வெள்ளைக் கோட்டும், 'பார்வையாளர்' என்று போட்ட மஞ்சள் அட்டையும் கொடுத்தார்கள். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆறு வாரமும் அவை அங்கேயேதான் இருந்தன.

நாலாவது மாடியில் அறுவை சிகிச்சை வார்டு. இருபத்துநாலு படுக்கைகள், நீளமான ஒரே கூடம். காலை எட்டரைக்கு ரவுண்ட்ஸ் கிளம்பும். பெரிய டாக்டர் முன்னால், சார்ட்டுகளைச் சுமந்துகொண்டு சின்ன டாக்டர் அடுத்து, அதற்கடுத்து வார்டு சிஸ்டர், வால் மாதிரி கடைசியில் நான். பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. கத்தியைப் பிடித்தால் அப்படி ஒரு கை. ஆனால் படுக்கையில் இருக்கிற ஆளைவிட அந்த ஆளைப் பற்றிய தாளைத்தான் அதிகம் நம்புவார். சின்ன டாக்டர் எண்களை வாசிப்பார், பெரிய டாக்டர் தலையாட்டுவார், ஊர்வலம் நகரும். முதல் படுக்கைக்கு நாலு நிமிடம் கிடைக்கும். கடைசிப் படுக்கைக்குப் போவதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அழைப்பு வந்துவிடும், அங்கே ஒரு நிமிடம் நின்றாலே பெரிய விஷயம்.

நான் அக்கா என்று கூப்பிட்டவர் அந்த வார்டின் உதவியாள். முதல் நாள் மதியம் துணி அடுக்கும் அறைக்கு வெளியே நின்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயிற்று, எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து நம் ஊர்த் தமிழில் ஒரு குரல். “காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. அம்மாகிட்ட என்னமா புளுகுற, பாப்பா.” திரும்பினால் ஐம்பதை ஒட்டிய ஒரு குள்ளமான பெண், கொண்டையில் பேனா சொருகியிருந்தது. தன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் கொட்டி என்னிடம் நீட்டினார். மறுநாளிலிருந்து டப்பா ஒரு அளவு பெரியதாக வந்தது.

அவர் கதையைத் துணி மடிக்கிற நேரங்களில் துண்டு துண்டாகக் கேட்டேன். இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி அந்த நாட்டுக்கு வந்தவர். வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தார். ஒருநாள் அடுக்கு சரிந்து விழுந்து முதுகு போனது. அன்றிலிருந்து அவர் கட்டிலோடும் நாற்காலியோடும்தான். அக்கா இங்கே தரை துடைக்க வந்து சேர்ந்தார். துடைத்துக்கொண்டே படித்து, உதவியாள் பரீட்சை எழுதி, இரண்டு தடவை கோட்டைவிட்டு மூன்றாம் தடவை தேறினார். இரண்டு மகள்கள், இரண்டும் படிக்கிற வயசு. வீடு அவர் தலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் மூன்று எழுத்துமூல எச்சரிக்கை வந்தால் வேலை காலி. அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு வந்திருந்தது. ஒன்று சின்ன மகள் காய்ச்சலில் கிடந்தபோது சொல்லாமல் தங்கிவிட்டதற்கு, இன்னொன்று சிஸ்டரை எதிர்த்துப் பேசியதற்கு.

“ரெண்டாவது நியாயமாத்தான் வந்துச்சு, நான் கொஞ்சம் நல்லாவே பேசிட்டேன்” என்பார்.

நாளுக்கு மூன்று தடவை, காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஏழு, இருபத்துநாலு பேருக்கும் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு நாலையும் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டியது அக்காவின் வேலை. முதல் மூன்றையும் இயந்திரம் சொல்லிவிடும். மூச்சை மட்டும் மனுஷக் கண்ணால்தான் எண்ண வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம். அதுவும் நோயாளிக்குத் தெரியாமல், தெரிந்தால் அவர்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் இருபத்துநாலு நிமிடம். ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற ஒரு மணி நேரத்துக்குள்தான் படுக்கை விரிப்பு மாற்றுவதும், மலத்தட்டு எடுப்பதும், எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவதும். இருபத்துநாலு நிமிடத்துக்கு அவர் எங்கே போவார்?

எனக்கு வார்டில் வேலை இல்லை, அதனால் மற்றவர் கண்ணில் படாதது எல்லாம் என் கண்ணில் பட்டது. இரண்டாவது வாரம் சின்ன டாக்டரின் தோளுக்கு மேலாக சார்ட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூச்சு என்ற கட்டத்தில் பதினெட்டு. அடுத்தவருக்கும் பதினெட்டு. எண்பது வயசுக் கிழவருக்கும் பதினெட்டு, நேற்று வந்த இளைஞனுக்கும் பதினெட்டு. இருபத்துநாலு பேரும் கோரஸாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவிடம் கேட்டேன். அவர் கூச்சப்படவே இல்லை.

“நான் வந்தப்பவே பதினெட்டுதான் பாப்பா. எனக்கு முன்னாடி இருந்தவளும் பதினெட்டு. பத்துன்னு எழுதினா ஏன் கம்மின்னு கேப்பாங்க, முப்பதுன்னு எழுதினா ஏன் ஜாஸ்தின்னு கேப்பாங்க. பதினெட்டை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

கீழ் மாடிகளிலும் அப்படித்தானாம். சின்ன டாக்டருக்கும் தெரியும், அதனால்தான் அந்த எண்ணை அவர் வாசிப்பதே இல்லை. பரீட்சையில் மூச்சு எண்ணுவது எப்படி என்ற கேள்விக்கு அக்கா முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் கதை எனக்குச் சாதகமாகிவிடும், அதனால் சொல்கிறேன், நன்றாகவே சிரித்தேன்.

நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை கடைசிப் படுக்கைக்கு ஒருவர் வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், ஐம்பத்தைந்து வயது. குடலில் ஒரு கட்டி. அந்தத் துண்டை அன்றைக்கே வெட்டி எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருந்தார் பெரிய டாக்டர். வாய் ஓயாத மனுஷர். அவர் பேசியது அந்த நாட்டு மொழி, என் நினைவில் எல்லாமே தமிழாகத்தான் இருக்கிறது. என் கோட்டையும் கட்டிய கையையும் பார்த்துவிட்டு எனக்கு 'நிழலம்மா' என்று பெயர் வைத்தார். இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் ஏறாதே, அதன் சத்தத்தைக் கேட்டாலே தெரிகிறது, படியில் போ என்று எனக்கு ரகசியமாகப் புத்திமதி சொன்னார். அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுகிற வேலை பார்த்தார். பள்ளி விட்டதும், மின்னுகிற அந்த மஞ்சள் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாலு மணிக்கு வந்துவிடுவார்.

லிஃப்ட்காரர் மூச்சை நான் எண்ண ஆரம்பித்தது பொழுதுபோக்காகத்தான். ரவுண்ட்ஸ் முடிந்தால் எனக்கு வேலை கிடையாது, கடைசிப் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது, என் கைக்கடிகாரத்தில் நொடி முள் இருந்தது. திங்கட்கிழமை பதினாறு. செவ்வாய்க்கிழமை இருபது. புதன்கிழமை காலை இருபத்துநாலு. என் நோட்டில் எழுதிவைத்தேன். அது என் தாள், அதில் எழுதலாம்.

புதன்கிழமை பகல் ஒன்றரைக்கு இருபத்தெட்டு. மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவையும் இருபத்தெட்டு.

குடலைத் தைத்த இடம் நாலாம் ஐந்தாம் நாளில் விட்டுப்போகலாம் என்று படித்திருந்தேன். விட்டுப்போனால் உள்ளே இருக்கும் கழிவெல்லாம் வயிற்றுக்குள் கசியும், ரத்தம் கெடும். முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சு. நாடி துள்ள வேண்டும், ஆனால் இவர் இதயத்துக்கென்று பல வருஷமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறவர், அது நாடியைத் துள்ள விடாது. காய்ச்சல் வர வேண்டும், வலிக்குக் கொடுத்த மருந்து அதை அமுக்கிவைத்திருந்தது. ஆக மூன்று இயந்திரமும் எல்லாம் நலம் என்றன. நாலாவது எண் பதினெட்டு என்றது.

அக்காவிடம் ஓடினேன். அவர் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். சொன்னதும் மடிப்பதை நிறுத்திவிட்டு வந்து, நாடி பார்ப்பதுபோல லிஃப்ட்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. ஒரு நிமிடம் முடிந்தது. என் கையைப் பிடித்துத் துணி அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

“இப்பதான் பதினெட்டுன்னு எழுதிட்டு வந்தேன்.”

“அடிச்சிட்டு மாத்தி எழுதுங்கக்கா.”

“அடிச்சா சிஸ்டர் கையெழுத்து வேணும். காலைல பதினெட்டு, மத்தியானம் இருபத்தெட்டான்னா, காலைல எண்ணினியான்னு கேப்பாங்க. எண்ணலன்னா நேத்து எண்ணினியா? நேத்தும் இல்லன்னா பதினாறு வருஷமா என்ன பண்ணினே? ஒரு நூலை இழுத்தா மொத்தமும் பிரிஞ்சுரும் பாப்பா. எனக்கு மூணாவது லெட்டர்.”

பிறகு அக்காவே ஒரு யோசனை சொன்னார். உண்மையை ஒரேயடியாக எழுதினால் பொய் மாதிரி தெரியும். அதனால் படிப்படியாக ஏற்றலாம். சாயங்காலம் இருபது. ராத்திரி ஆள் எப்போதும் முந்தின எண்ணைப் பார்த்து அதையே எழுதுவாள். நாளைக் காலை இருபத்திரண்டு, பகல் இருபத்துநாலு, மாலை இருபத்தாறு. மூச்சு இருபத்தைந்தைத் தாண்டினால் உடனே மணி அடித்து டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று சார்ட்டின் அடியிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது. நாளை மாலை மணி அடித்துவிடலாம். யாருக்கும் சந்தேகம் வராது.

“ஒரு நாள்தான்” என்றார். “நல்லாப் பேசுறாரு, சிரிக்கிறாரு. ஒரு நாள் தாங்க மாட்டாரா?”

தாங்க மாட்டார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புத்தகத்தில் 'மணிக்கணக்கு' என்று போட்டிருந்தது, 'நாள்கணக்கு' என்று போட்டிருக்கவில்லை. ஆனால் என் மண்டைக்குள் கடிதம்தான் ஓடியது. பார்வையாளர் நோயாளியின் மூச்சை எண்ணினாள், வார்டு ஆளைக் காட்டிக்கொடுத்தாள், பெரிய டாக்டரின் தையல் விட்டுப்போயிற்று என்று அவருக்கே பாடம் எடுத்தாள் என்றால் எனக்கு எப்படிப்பட்ட கடிதம் வரும்? அக்காவின் வேலையை நினைத்துத்தான் சும்மா இருந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. “சரிக்கா” என்றேன். யாரும் என் கையை முறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். முப்பத்திரண்டு. லிஃப்ட்காரர் முகத்தில் மண் பூசினாற்போல ஒரு நிறம். “என்னமோ தெரியல நிழலம்மா” என்றார், “மேல ஏறி… நின்னுட்ட மாதிரி… இருக்கு.” ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். அக்கா சார்ட்டில் இருபத்திரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைக் கொண்டையில் சொருகப் போய், அது இரண்டு தடவை கீழே விழுந்தது.

அன்றைக்கு ரவுண்ட்ஸ் கடைசிப் படுக்கைக்கு வர ஒன்பதேகால் ஆகிவிட்டது. சின்ன டாக்டர் காய்ச்சல் இல்லை, நாடி எழுபத்தாறு, அழுத்தம் சரி என்று வாசித்தார். வழக்கமாக விட்டுவிடுகிற எண்ணை அன்றைக்கு வாசித்தார். மூச்சு இருபத்திரண்டு, லேசாக ஏறியிருக்கிறது, வலியாக இருக்கலாம். பெரிய டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வலி மருந்தின் தயவில் அவர் முகம் சுளிக்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, டாக்டரைச் சங்கடப்படுத்த மனமில்லாத மரியாதைக்காரராகச் சிரித்துவைத்தார்.

அப்போது நடந்ததைத்தான் நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நகரப்போன பெரிய டாக்டர் நின்று என்னைப் பார்த்தார். இத்தனை வாரத்தில் முதல் தடவை. இந்த நோயாளியோடு நீ நிறைய நேரம் இருக்கிறாயாமே, ஏதாவது சொல்ல வேண்டுமா, கேட்க வேண்டுமா என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். கேட்டாலொழியப் பேசக் கூடாது என்பது விதி, இதோ கேட்டாயிற்று. அவர் தோளுக்குப் பின்னால் டிராலியைப் பிடித்தபடி அக்கா நின்றார். அக்கா தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. சும்மா நின்றார். நாற்காலிக்குப் பக்கத்துப் படுக்கையில் அந்த மனுஷரின் நெஞ்சு ஏறி இறங்குவது என் காதுக்கே கேட்டது.

“ஒன்றும் இல்லை, சார்” என்றேன்.

அவர் மெச்சுகிற மாதிரி தலையசைத்துவிட்டுப் போனார். அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்.

பகல் ஒரு மணிக்கு முப்பத்தெட்டு. அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்டார், சொன்னேன், மறுபடியும் கேட்டார். அக்கா சார்ட்டை எடுத்தார். இருபத்துநாலு எழுத வேண்டிய நேரம். பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். பிறகு இருபத்தாறு என்று எழுதிவிட்டுச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தார். வார்டு முழுக்க மணி அலறியது.

“ஒரு படி தாண்டிட்டேன்” என்றார் என்னிடம், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். மூன்று மணிக்குத் தியேட்டரில் வயிற்றைத் திறந்தார்கள். நான் சுவரோரமாக நின்றேன், கை பின்னால். திறந்ததும் வந்த வாடையில் மயக்க மருந்து கொடுக்கிறவர்கூட முகத்தைத் திருப்பினார். பெரிய டாக்டர் ஒரு கணம் கை ஓடாமல் நின்றார். ஒன்றரை நாளாவது ஆகியிருக்கும் போலிருக்கிறதே என்றார், யாரையும் பார்க்காமல். சின்ன டாக்டர் சார்ட்டைப் பார்த்து, இல்லை சார், நேற்று சாயங்காலத்திலிருந்துதான் ஏறியிருக்கிறது என்றார். பெரிய டாக்டர் மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்து என்ன பயன் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நினைத்தேனா, பயந்தேனா, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட்காரர் இறந்துபோனார்.

திங்கட்கிழமை டாக்டர்களும் வார்டு ஆட்களும் கூடி அந்த மரணத்தைப் பற்றிப் பேசினார்கள். அங்கே ஒவ்வொரு மரணத்துக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. அவருடைய சார்ட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். நேராகப் போன கோடு, பிறகு இருபது, இருபது, இருபத்திரண்டு, இருபத்தாறு என்று மாடிப்படி மாதிரி ஏறியது. பார்க்க அழகாக இருந்தது. கண்காணிப்பில் குறையே இல்லை, மூச்சு இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட சார்ட்டை நான் பார்த்ததில்லை, எல்லையைத் தாண்டிய நொடியில் மணி அடித்திருக்கிறார்கள் என்றார் பெரிய டாக்டர். எழுதிய உதவியாளைப் பாராட்ட வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் நின்ற அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று சிஸ்டர் சிரித்தார்.

அன்றைக்கு டப்பாவை அக்கா திறக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. துணி அறையில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு லிஃப்ட்காரரின் மனைவி வந்தார். காலைப் பள்ளி மணிக்கும் மாலை மணிக்கும் நடுவில் கிடைத்த நேரம், அதே மஞ்சள் சட்டை. சிஸ்டரின் அறையில் பெரிய டாக்டர் அவரை உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல டாக்டருக்குப் பின்னால். மணி அடித்த அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டதால் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் அழவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

“புதன்கிழமை நாலு மணிக்கே அவருக்கு மூச்சு வாங்குச்சு. நான் இந்த சிஸ்டர்கிட்ட சொன்னேன். சார்ட்ல சரியா இருக்குன்னாங்க.”

பெரிய டாக்டர் சார்ட்டை அவர் பக்கம் திருப்பி, புதன்கிழமைப் பகலில் விரலை வைத்தார். பதினெட்டு. அந்த அம்மாள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தாருக்கு எப்போதும் இப்படித் தோன்றுவது சகஜம் என்றார் சிஸ்டர், தோளைத் தொட்டு.

“அப்ப நான்தான் தப்பாப் பாத்திருக்கேன்” என்றார் அவர். “எழுதியிருக்கே.”

அந்த வார்த்தையைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

“இல்லம்மா” என்றார். “நீங்க பாத்ததுதான் சரி. அந்தப் பதினெட்டு நான் எண்ணாம எழுதினது.”

அக்கா நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். பதினாறு வருஷத்தையும் சொன்னார், படிப்படியாக ஏற்றியதையும் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை, என் ஒருத்தியைத் தவிர. இது வேறு யாருக்காவது தெரியுமா என்று பெரிய டாக்டர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“யாருக்கும் தெரியாது சார்.”

பெரிய டாக்டருக்கு அப்போதுதான் நான் நிற்பது ஞாபகம் வந்தது. இது ஆஸ்பத்திரியின் உள்விவகாரம், நீ வெளியே போ என்றார். சொன்னபடி போனேன். சொன்னபடி செய்வதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அட்டைப் பெட்டியோடு அக்கா கடந்து போனார், கூட ஒரு காவலாளி. நான் எழுந்தேன். உட்காரு என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டுப் போனார். இரண்டு மகள்களும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா ஏன் இந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டிருப்பார்கள். என்ன சொன்னாரோ.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் வெளியே வந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீதானே அந்த நிழலம்மா” என்றார். “அவர் உன்னைப் பத்திச் சொல்லுவார். அந்தப் பொண்ணு வந்து என் மூச்சை எண்ணிட்டுப் போவுது, வாய் அசையுது, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்குது, பாவம்னு சிரிப்பார். டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு எண்ணுது, ஏதாவதுன்னா சொல்லிடும், நீ கவலைப்படாம வீட்டுக்குப் போன்னு புதன்கிழமைகூடச் சொன்னார்.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“எத்தனை எண்ணினே?”

நோட்டு கோட்டுப் பையில்தான் இருந்தது, எடுக்கத் தேவைப்படவில்லை. செவ்வாய் இருபது, புதன் காலை இருபத்துநாலு, பகலில் இருபத்தெட்டு, வியாழன் காலை முப்பத்திரண்டு, பகலில் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். என்னைத் திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“புதன்கிழமையே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாரா?”

“தெரியலம்மா” என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லி எழுந்து போனார். அந்த வார்டில் அக்கா எழுதிய பொய்களுக்கு அக்கா கணக்குச் சொல்லிவிட்டார். இந்தப் பொய் மட்டும் என்னுடையது. அந்தக் கடிதத்தின் புண்ணியத்தில் நான் இன்றைக்கு அறுவை சிகிச்சை செய்கிறவள், விட்டுப்போன குடலை எத்தனையோ தடவை திறந்து தைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய அவ்வளவு படிப்பு தேவைப்படவில்லை, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரியும். புதன்கிழமை பகலில் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.